ப்ரீசெட் தேடியே விடிஞ்சு போகுது: ஒரு பெடல் எடிட்டரோட எட்டு மாசம்

மொதல்லயே சொல்லிடறேன், இது கிட்டார் சத்தத்தை மாத்தற மல்டி எஃபெக்ட்ஸ் பெடலோட ரிவ்யூ கிடையாது. பெடலோட சத்தத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல. அதுகூட இலவசமா வர்ற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் இருக்குல்ல, யூஎஸ்பி வயரை சொருகிட்டு ப்ரீசெட்டை, அதாவது சேவ் பண்ணி வச்ச டோன் செட்டிங்கை எல்லாம் பெரிய திரையில பாத்து மாத்தறது, அந்த எடிட்டரைப் பத்தி தான் இது. கம்பெனி பேரை சொல்லப் போறதில்ல, சொன்னா பேச்சு எடிட்டரை விட்டுட்டு எந்த கம்பெனி பெருசுங்கற சண்டைக்குப் போயிடும், அதுவும் இல்லாம நான் சொல்ற குறையில பாதி மத்த எடிட்டர் வச்சிருக்கவங்களுக்கும் பழக்கமானதா தான் இருக்கும்.

எட்டு மாசமா யூஸ் பண்றேன். பெடலுக்குள்ள 200 ஃபேக்டரி ப்ரீசெட், நமக்குன்னு 200 காலி ஸ்லாட், அதுபோக நான் அங்கங்க இறக்கி வச்சது ஒரு ஃபோல்டர்ல 600க்கு மேல. இதுல எத்தனை நெஜமா வாசிக்கறேன்னு கேட்டா ஆறு. சொல்ல வெக்கமா தான் இருக்கு.

எடிட்டருக்கு மார்க் போட என்கிட்ட ஒரே ஒரு கணக்கு தான். தெரியாத ஒரு ப்ரீசெட்டை எடுத்து, கேட்டு, வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணி, அடுத்ததுக்குப் போக எவ்ளோ நேரம் ஆகுது, அதுக்குள்ள ஏற்கனவே இருக்கற என் ப்ரீசெட் எதுக்காவது சேதாரம் வருதா. அவ்ளோ தான். திரையில ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) படம் அசல் மாதிரி பளபளன்னு இருக்கறது, நாப் திருகினா நிழல் விழறது, இதுக்கெல்லாம் என்கிட்ட மார்க் கிடையாது. 600 ப்ரீசெட்டை ஒண்ணுக்கு ஒரு நிமிஷம்னு கேட்டா 10 மணி நேரம், அதுவே 15 செகண்ட்ல முடிஞ்சா ரெண்டரை மணி நேரம், வித்தியாசம் முழுக்க எடிட்டர் கையிலயும் நம்ம பழக்கத்துலயும் தான் இருக்கு.

நல்லதுல இருந்து ஆரம்பிப்போம். இடது பக்கம் ப்ரீசெட் லிஸ்ட், நடுவுல எஃபெக்ட் செயின், அதாவது ஆம்பு, எஃபெக்ட்டுன்னு சத்தம் போற வரிசை, கீழ நாப். லிஸ்ட்ல ஒரு தடவை க்ளிக் பண்ணா போதும், பெடல்ல அந்த ப்ரீசெட் ஏறிடும். அதைவிட முக்கியம், கீபோர்டுல கீழ் அம்புக்குறியை அமுக்கினா அடுத்தது, மேல அமுக்கினா முந்தினது. மவுஸையே தொட வேணாம். ஒரு கை கிட்டார் கழுத்துல இருக்கும்போது இது எவ்ளோ பெரிய உதவின்னு காலால ஸ்விட்சை மிதிச்சு மிதிச்சு 200 ப்ரீசெட் தாண்டினவங்களுக்குத் தெரியும்.

ஆனா இதுல ஒரு கூத்து இருக்கு. அம்புக்குறி லிஸ்ட்ல வேலை செய்யணும்னா கடைசியா நாம தொட்டது லிஸ்ட்டா இருக்கணும். நடுவுல எதாவது ஒரு நாப்பை தொட்டுட்டோம்னா அதுக்கப்புறம் அம்புக்குறி அந்த நாப்பை தான் திருப்பும். எனக்கு இது தெரியாது. ஒரு நாள் ராத்திரி ஒரு க்ரஞ்ச் (லேசா கரகரக்கற) ப்ரீசெட்ல கெயினை, அதாவது கரகரப்போட அளவை, லேசா ஏத்திட்டு, சரி அடுத்தது பாப்போம்னு கீழ் அம்புக்குறியை அமுக்கினேன், வாசிச்சேன், முந்தினதை விட கொஞ்சம் சப்பையா இருக்கேன்னு நெனச்சேன், இன்னொண்ணு அமுக்கினேன், அது இன்னும் சப்பை, இன்னொண்ணு, இன்னும் சப்பை, என்னடா இந்த பேங்க் முழுக்க ஒரே ஆளு செஞ்சது போலன்னு அவனை மனசுக்குள்ள திட்டிட்டு நிமிந்து பாத்தா நான் இன்னும் அதே ப்ரீசெட்ல தான் இருக்கேன், கெயின் மட்டும் 6.5ல இருந்து 5.9க்கு வந்திருக்கு. திட்டு வாங்கின ஆளு பாவம். இப்பல்லாம் நாப் தொட்டா உடனே லிஸ்ட்ல ஒரு க்ளிக், அது கைக்கே பழகிடுச்சு. எஸ்கேப் அமுக்கினா லிஸ்ட்டுக்குத் திரும்பற மாதிரி வச்சிருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல.

ப்ரீசெட் மாறும்போது சின்னதா ஒரு இடைவெளி விழும், சத்தம் ஒரு நொடி அறுந்து திரும்ப வரும், முந்தின டிலேயோட (எதிரொலி எஃபெக்ட்டோட) வாலும் அதோட வெட்டுப்படும். முழு செயினையும் இறக்கிட்டு வேற செயினை ஏத்தணும்ல, அதனால இதை நான் குறையா எண்ணல. மேடையில தான் அது தொந்தரவு, அதுக்கு ஒரே ப்ரீசெட்டுக்குள்ள செயினை இறக்காம செட்டிங்கை மட்டும் மாத்தற ஸ்னாப்ஷாட், சீன்னு வேற வழி இருக்கு.

இப்ப பெரிய குறை. பெடல் எல்லாத்துலயும் எடிட் பஃபர்னு ஒண்ணு இருக்கும். ஸ்லாட்ல இருக்கற ப்ரீசெட்டோட நகல் ஒண்ணு தற்காலிகமா அங்க வந்து உக்காரும், நாம திருகறது, மாத்தறது எல்லாம் அந்த நகல்ல தான், சேவ் அமுக்கற வரைக்கும் ஸ்லாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. கேட்டுப் பாக்கறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இறக்கி வச்ச ஃபைலை நேரா பஃபர்ல ஏத்து, கேளு, பிடிக்கலன்னா வேற ஸ்லாட்டை தொட்டா அது காத்தோட போயிடும். கெம்ப்பர்ங்கற கம்பெனியோட எடிட்டர் ரிக் மேனேஜர்ல இப்படி தான், ரிக் எக்ஸ்சேஞ்ச்ங்கற அவங்க பகிர்வு தளத்துல ஊர்ப்பட்ட பேர் போட்டு வச்ச ரிக்கை (ப்ரீசெட்டுக்கு அவங்க வச்ச பேர்) லிஸ்ட்ல தேர்ந்தெடுத்தாலே அவங்க கருவியான ப்ரொஃபைலர்ல கேக்கும், நாமளா ஸ்டோர் பண்ணா தான் உள்ள தங்கும். நான் வச்சிருக்கறதுல அந்த வழி இல்ல. கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைலைக் கேக்கணும்னா அதை இழுத்துட்டு வந்து ஒரு ஸ்லாட் மேல போட்டே ஆகணும். போட்ட நொடி அந்த ஸ்லாட்ல இருந்தது காலி. "நெஜமாவா?"ன்னு ஒரு கேள்வி கிடையாது, கன்ட்ரோல் இசட்டும் வேலைக்கு ஆகாது.

என்ன நடந்திருக்கும்னு யூகிச்சிருப்பீங்க. 14ஏ காலி ஸ்லாட், 14பி என்னோட மெயின் ப்ரீசெட், பேண்டுக்கு முக்கால்வாசி பாட்டு அதுல தான் வாசிக்கறேன். ரெண்டு வரிக்கும் நடுவுல இருக்கற தூரம் நகக்கண் அளவு. ஃபைலை இழுத்துட்டு வந்தேன், லிஸ்ட் தானா ஒரு வரி நகந்துச்சு, விரலை எடுத்தேன். 14பில இப்ப எவனோ செஞ்ச ஒரு விண்வெளி சத்தம், ரிவெர்ப் (பெரிய ஹால்ல வர்ற மாதிரி முழக்கம்) மேல ரிவெர்ப், பேர்ல மட்டும் மூணு ஆச்சரியக்குறி. நான் மூணு மாசம் கொஞ்சம் கொஞ்சமா செதுக்கினது போச்சு. பேக்கப் இருந்துச்சு, ஆனா அது நாலு மாசம் பழசு, அதுல 14பியே பொறக்கல.

அன்னிலேருந்து கடைசி பத்து ஸ்லாட்டை பரண்னு ஒதுக்கி வச்சிட்டேன். எந்த புது ஃபைலா இருந்தாலும் அங்க தான் இறங்கும், அதைத் தாண்டி மேல வர்றதுன்னா நானே கையால நகத்தணும். இன்னொண்ணு, பத்து பத்தா ஏத்தறது. பரணை நிரப்பு, அம்புக்குறியால பத்தையும் கேளு, ஏதாவது தேறினா எடுத்துக்கோ, அடுத்த பத்து. எடிட்டர் செய்ய வேண்டிய வேலையை நான் செய்யறேன், இருந்தாலும் வேலை நடக்குது. வாராவாரம் பேக்கப்பும் எடுக்கறேன், இதை சூடு பட்டவன் சொல்றான்னு எடுத்துக்கோங்க.

ஸ்லாட் எண்ணிக்கை பத்தி ஒரு சின்ன கிளைக்கதை. லைன் 6 கம்பெனியோட பெரிய ஹீலிக்ஸ் பெடல்ல ஒரு செட்லிஸ்ட்டுக்கு (ப்ரீசெட் தொகுப்புக்கு) 128 ப்ரீசெட், அப்படி 8 செட்லிஸ்ட், மொத்தம் 1024. டோன்எக்ஸ் பெடல்ல 150. இந்த 128ங்கற எண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னா 1983ல வந்த மிடிங்கற, இசைக் கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற முறையில இருந்து, ப்ரீசெட்டை மாத்தச் சொல்ற ப்ரோக்ராம் சேஞ்ச் செய்திக்கு 7 பிட்டு தான், 0ல இருந்து 127 வரைக்கும் தான் எண்ண முடியும், அதுக்கு மேல வேணும்னா பேங்க் மாத்தற செய்தியையும் சேத்து அனுப்பணும். கம்ப்யூட்டர்ல இருந்து மிடி வழியா ப்ரீசெட் மாத்தறவங்க கவனிங்க, சில சாஃப்ட்வேர் 0ல இருந்து எண்ணும், சிலது 1ல இருந்து எண்ணும், நீங்க 20 கேட்டா 21 வந்து நிக்கும். பெடல் கெட்டுப் போச்சுன்னு சர்வீசுக்கு தூக்கிட்டு ஓட வேணாம்.

சரி, கேக்கற முறைக்கு வருவோம். ஆரம்பத்துல நான் எல்லாரும் பண்றதை தான் பண்ணேன், ப்ரீசெட்டை மாத்து, கிட்டாரை எடுத்து மனசுல வந்ததை வாசி. இதுல சிக்கல் என்னன்னா கை தந்திரக்கார கை, ப்ரீசெட்டுக்கு ஏத்த மாதிரி அதுவே மாத்தி வாசிக்கும். டிலே நெறைய இருந்தா இடைவெளி விட்டு வாசிக்கும், கெயின் நெறைய இருந்தா பவர் கார்டுக்குத் தாவும். அப்புறம் எதை எதோட ஒப்பிட? நல்லா இருந்தது டோனா, இல்ல நான் வாசிச்ச துண்டான்னு தெரியாமலே அரை மணி நேரம் போயிடும், ஒரு ப்ரீசெட்லயே உக்காந்து ஜாலியா வாசிச்சிட்டு இருப்போம். அதுவும் சுகம் தான், ஆனா தேடறது நடக்காது.

அடுத்து லூப்பர் போட்டுப் பாத்தேன். செயின்ல லூப்பரை மொதல்ல வச்சு எஃபெக்ட் எதுவும் படாத சத்தத்தை பதிஞ்சிட்டு, அது சுத்திக்கிட்டே இருக்கும்போது பின்னாடி ஆம்பு, டிலே, ரிவெர்ப்னு மாத்தலாம். ஒரே ப்ரீசெட்டுக்குள்ள நாப் திருக இது பிரமாதம், ரெண்டு கையும் ஃப்ரீ. ப்ரீசெட் மாத்தினா மட்டும் என் பெடல்ல லூப்பு செத்துப் போயிடும், ஏன்னா இதுல லூப்பரும் ப்ரீசெட்டுக்குள்ள இருக்கற ஒரு பிளாக்கு தான். தனி லூப்பர் பெடல் இருந்தா கிட்டாருக்கும் மல்டி எஃபெக்ட்ஸுக்கும் நடுவுல வச்சுக்கலாம், என்கிட்ட இல்ல.

கடைசியா கை குடுத்தது யூஎஸ்பி. இந்த மாதிரி பெடல் பலதும் ஆடியோ இன்டர்ஃபேஸாவும் வேலை செய்யும், எஃபெக்ட் ஏறின சத்தம் ஒரு சேனல்ல, கிட்டாரோட பச்சை சிக்னல், அதாவது டிஐ, இன்னொரு சேனல்ல கம்ப்யூட்டருக்குப் போகும். பெரிய ஹீலிக்ஸ்ல அந்த பச்சை சிக்னல் யூஎஸ்பி 7, 8ல கெடைக்கும், மத்ததுல எந்த சேனல்னு மேனுவல்ல பாத்துக்கோங்க. அந்த டிஐயை ஒரு தடவை பதிஞ்சு, ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல லூப் போட்டு, திரும்ப பெடலோட இன்புட்டுக்கே அனுப்பணும். ரீஆம்ப்னு சொல்லுவாங்க. இப்ப கிட்டாரு ஸ்டாண்டுல தூங்குது, அதே துண்டு சுத்தி சுத்தி ஓடுது, நான் அம்புக்குறியை மட்டும் அமுக்கறேன். ஒரு ப்ரீசெட்டுக்கு ஒரு நிமிஷம் ஆனது 15 செகண்டுக்கு இறங்கினது இங்க தான்.

என் டிஐ துண்டுல என்ன இருக்குன்னு சொல்றேன், இதுக்கு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். மொதல்ல ஓபன் ஈ மைனர் ஒரே ஒரு அடி, கிட்டார் வால்யூம் முழுசா. அப்புறம் அதே கார்டு வால்யூமை பாதிக்கு இறக்கி, நல்ல ஆம்ப் டோன்னா இங்க தெளியும், மட்டமானதுன்னா சும்மா சத்தம் கம்மியாகும், அவ்ளோ தான். மூணாவது தடிக்கம்பியில பாம் மியூட் (உள்ளங்கையால கம்பியை லேசா அடக்கி வாசிக்கறது), நாலு அடி, கீழ்சத்தம் கொழகொழன்னு ஆகுதான்னு பாக்க. நாலாவது பி கம்பியில 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல கம்பியை வளைச்சு ஒரு பெண்ட், பிடிச்சு நிறுத்தி வைப்ரேட்டோ. அஞ்சாவது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, மூணு செகண்ட் மௌனம். கம்பியை கையால அடக்கிட்டு ஒண்ணுமே வாசிக்காம விட்டது. ஹிஸ்ங்கற இரைச்சல் எவ்ளோ வருது, இரைச்சலை அடக்கற நாய்ஸ் கேட் எஃபெக்ட் சத்தத்தோட வாலை கதவைச் சாத்தற மாதிரி வெட்டுதா, ரிவெர்ப் எப்படி அடங்குது, எல்லாம் அந்த மூணு செகண்ட்ல தெரிஞ்சிடும். ஃபேக்டரி ப்ரீசெட்ல கால்வாசி என்கிட்ட அந்த மௌனத்துல தான் தோத்துச்சு.

ரெண்டு எச்சரிக்கை. டிஐ லெவல் சின்னதா இருக்கேன்னு சாஃப்ட்வேர்ல நார்மலைஸ் பண்ணி அளவை ஏத்திடாதீங்க. ஆம்ப் மாடலுக்கு உள்ள போற அளவு தான் கெயினே, ஒரு 6 டெசிபெல் ஏத்திட்டா க்ளீன் ப்ரீசெட் எல்லாம் உறும ஆரம்பிச்சிடும், நீங்க வேற எதையோ கேட்டுட்டு இருப்பீங்க. பதிஞ்ச அதே அளவுல திரும்பப் போகணும். இன்னொண்ணு, ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல அந்த ட்ராக்கோட இன்புட் மானிட்டரை அணைச்சிடுங்க, இல்லன்னா போனது திரும்பி வந்து, வந்தது திரும்பிப் போயி, ஹெட்ஃபோன்ல ஊளை கெளம்பும். நான் ஹெட்ஃபோனைக் கழட்டின வேகத்துல கண்ணாடியும் சேர்ந்து பறந்துச்சு.

இந்த விஷயத்துல எடிட்டருக்கு பாதி மார்க் தான். இன்புட்டை யூஎஸ்பிக்கு மாத்தற செட்டிங்கு க்ளோபல்ல ஒளிஞ்சிருக்கு, மூணு மெனு உள்ள. கண்டுபிடிச்சு மாத்திட்டா எல்லா ப்ரீசெட்டுக்கும் பொருந்துது, அது நல்லது. திரும்ப கிட்டாருக்கு மாத்த மறந்தா அடுத்த நாள் ரிகர்சல்ல பெடல் ஊமையா நிக்கும், அது நமக்கு நாமே வச்சுக்கற ஆப்பு.

டிஐ எல்லாத்தையும் சொல்லிடாது, அதையும் சொல்லணும். விரலுக்கு அடியில அந்த டோன் எப்படி இருக்கு, பிக்கு பட்டதும் எப்படி பதில் சொல்லுதுங்கறது வாசிச்சா மட்டும் தான் தெரியும். அதனால டிஐ வச்சு வடிகட்டறது, தேறினதை மட்டும் கையில எடுத்து வாசிக்கறது. 40 கேட்டா 5 தேறும், அந்த 5க்கு மட்டும் கிட்டாரைத் தூக்கினா போதும்.

இதுக்கு அடுத்த எதிரி சத்தம். அதிகமா சத்தம் வர்ற ப்ரீசெட்டு நல்ல ப்ரீசெட்டுன்னு காது நம்பிடும், இதுல ஏமாறாத ஆளே கிடையாது. ஃபேக்டரி ப்ரீசெட்டை வரிசையா தட்டிப் பாருங்க, ஒண்ணு கிசுகிசுக்கும், அடுத்தது காதைப் பிளக்கும். பிளந்தது தான் "ஆஹா"ன்னு தோணும். ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே இதோட அண்ணன் தம்பி சமாச்சாரத்தை காட்டிட்டாங்க, சத்தம் கம்மியா இருக்கும்போது காதுக்கு அடிசத்தமும் உச்சிசத்தமும் நடுசத்தத்தை விட கம்மியா தான் எட்டும். அதனால ராத்திரி மெல்லமா வச்சு பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தி ஏத்தி அழகு பண்ணின ப்ரீசெட்டை ரிகர்சல்ல முழு சத்தத்துல போட்டா கீழ கும்முனும் மேல கத்தி மாதிரியும் வரும். ராத்திரி ஒரு மணிக்கு செஞ்சது காலையில ஏன் பிடிக்கலங்கறதுக்கு பாதி காரணம் தூக்கம், மீதி காரணம் இது.

ஆக்ஸ்-எடிட் மாதிரி சில எடிட்டர்ல லெவல் பாத்து சமன் பண்றதுக்குன்னே தனி டூல் இருக்கு. என்னோடதுல ஒரு மீட்டர் கூட கிடையாது. அதனால ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல லவுட்னஸ் மீட்டர் ஒண்ணைத் தெறந்து வச்சு, தேறின ப்ரீசெட்டை மட்டும் ஒரே அளவுக்கு கொண்டு வர்றேன். அப்போ திருக வேண்டியது ட்ரைவோ கெயினோ இல்ல, அது டோனையே மாத்திடும், மாஸ்டரைத் திருகினாலும் சில ஆம்ப் மாடல்ல தன்மை மாறும். செயினோட கடைசியில இருக்கற அவுட்புட் லெவலை தொடுங்க, அது சத்தத்தை மட்டும் மாத்தும். சமன் பண்ணிட்டு திரும்ப கேட்டப்போ நான் தலையில தூக்கி வச்சு ஆடின ரெண்டு லீட் டோன் தரையில வந்து உக்காந்துச்சு, ஓரமா கெடந்த ஒரு சாதாரண க்ரஞ்சு மேல வந்துச்சு.

தேடற வசதிக்கு வந்தா எடிட்டர் ஃபெயில். பேரை வச்சு மட்டும் தான் தேட முடியும். ப்ரீசெட் பேருங்க எந்த லட்சணத்துல இருக்கும்னு உங்களுக்கே தெரியும், பேரைப் பாத்து அது க்ளீனா மெட்டலான்னு சொல்ல ஜோசியம் தெரியணும். எனக்கு வேணும்னா ஃபேஸர் எஃபெக்ட் இருக்கற ப்ரீசெட்டை மட்டும் காட்டு, இல்ல இந்த ஆம்ப் மாடல் உள்ளதை காட்டுன்னு கேக்கணும், ப்ரீசெட் ஃபைலுக்குள்ள அந்தத் தகவல் எல்லாம் இருக்கு, படிச்சு காட்ட என்ன தயக்கமோ. கிட்டார் ரிக் மாதிரி, ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள ஓடற எஃபெக்ட் ப்ளகின்ல டேக் வச்சு வடிகட்டறதைப் பாத்துட்டு இங்க வந்தா கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கு. ஸ்டார் போடற வசதியாவது இருக்கான்னா அதுவும் இல்ல.

நான் என்ன பண்றேன்னா பேருக்கு முன்னாடி ஒரு எண் போடறேன். க்ளீனுக்கு 1, க்ரஞ்சுக்கு 2, ஹை கெயினுக்கு 3, லீடுக்கு 4, சும்மா மெதக்கறதுக்கு 5. தேடற பெட்டியில 2ன்னு அடிச்சா க்ரஞ்சு எல்லாம் வந்துடும், கூடவே பேர்ல எங்கயாவது 2 இருக்கறதும் வரும், போகட்டும். பேருக்கு 16 எழுத்து தான் இடம், அதுல ரெண்டு போச்சு. தமிழ்ல பேர் வச்சுப் பாத்தேன், பெடல் திரையில வரிசையா கேள்விக்குறி நின்னுச்சு. அதுவும் ஒரு வகையில பொருத்தமா தான் இருந்துச்சு.

இறக்கின ப்ரீசெட்டை மட்டம்னு தூக்கிப் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிதானிங்க, இதுல நான் அநியாயம் நெறைய பண்ணியிருக்கேன். செஞ்சவரு தனியா ஒரு கேபினெட் ஐஆர், அதாவது ஒரு ஸ்பீக்கர் பெட்டியோட தன்மையை பதிஞ்ச ஃபைல், போட்டிருப்பாரு, அந்த வேவ் ஃபைல் ப்ரீசெட்டோட வராது. என் பெடல்ல ப்ரீசெட்டு ஐஆரை ஸ்லாட் எண்ணை வச்சு தான் ஞாபகம் வச்சுக்கும். அவருக்கு 7ஆம் நம்பர்ல நல்ல நாலு ஸ்பீக்கர் கேபினெட், எனக்கு 7ஆம் நம்பர்ல இருந்தது அக்கூஸ்டிக் கிட்டார் உடம்போட ஐஆர். ஹை கெயின் ஆம்பை அது வழியா கேட்டா தகர டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும், ஒரு பேக்குல இருந்த முப்பது ப்ரீசெட்டை அப்படித்தான் கேட்டு முப்பதையும் அழிச்சேன். அப்புறம் விஷயம் தெரிஞ்சு திரும்ப இறக்கி சரியான ஐஆரை வச்சப்போ அதுல நாலு இன்னிக்கும் என்கிட்ட இருக்கு. ஐஆர் இல்லன்னா ஒரு மஞ்சள் குறியாவது காட்டியிருக்கலாம் இந்த எடிட்டர்.

அதே மாதிரி தான் கம்பியோட அதிர்வை சிக்னலா மாத்தற பிக்கப்பும். ஹம்பக்கர் வச்சு செஞ்சதை சிங்கிள் காயில்ல வாசிச்சா கெயின் பத்தாம மெலிஞ்சு தெரியும், கூட இரைச்சலும் வரும், அது ப்ரீசெட்டோட தப்பு இல்ல. அப்புறம் கிட்டார் ஆம்புக்குள்ள சொருகி கேக்கறீங்களா, ஹெட்ஃபோன்லயாங்கறது. ஹெட்ஃபோனுக்கு செஞ்ச ப்ரீசெட்ல கேபினெட் சிமுலேஷன் இருக்கும், அதை அப்படியே கிட்டார் ஆம்புக்கு விட்டா கேபினெட் மேல கேபினெட், கம்பளி போத்திக்கிட்டு பேசற மாதிரி வரும். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிட்டு க்ளோபல் செட்டிங்கை மாத்திட்டு உக்காருங்க.

காது களைச்சுப் போறதைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, இருபது இருபத்தஞ்சு தாண்டினா எல்லாம் ஒரே மாதிரி தான் கேக்கும், நான் அஞ்சு ப்ரீசெட்டுக்கு ஒரு தடவை நல்லா பழகின ஒண்ணுக்குத் திரும்பிப் போயி காதை சரி பண்ணிக்கறேன். தேறினதை ட்ரம்ஸ், பேஸ் ஓடற ட்ராக்கோட சேத்தும் கேக்கறேன். தனியா கேக்கும்போது கோயில் மணி மாதிரி ரீங்காரமா இருந்தது பேண்டுக்குள்ள கடல்ல கரைச்ச பெருங்காயமா போயிடும்.

மத்த விஷயம் எல்லாம் வேகமா. தெறக்கும்போதெல்லாம் 400 ஸ்லாட்டையும் படிச்சிட்டு தான் விடும், அரை நிமிஷத்துக்கு மேல. பெடலோட ஃபர்ம்வேரும் (உள்ள ஓடற சாஃப்ட்வேர்) எடிட்டரும் ஒரே வெர்ஷன்ல இல்லன்னா பேசிக்காது, புது ஃபர்ம்வேர்ல செஞ்ச ப்ரீசெட்டு பழசுல ஏறாது, ஏன் ஏறலங்கறதையும் சொல்லாது, சும்மா ஒரு நம்பரைக் காட்டும். எட்டு மாசத்துல ரெண்டு தடவை தான் க்ராஷ் ஆச்சு, பெடல்ல எதுவும் அழியல. யூஎஸ்பி ஹப்பு வழியா சொருகினா நடுவுல காணாம போகும், நேரா சொருகினா ஒழுங்கு.

பத்துக்கு ஆறு குடுப்பேன். அம்புக்குறிக்கும் யூஎஸ்பி ரீஆம்புக்கும் அந்த ஆறு. கேட்டுப் பாக்கறதுக்கு ஒரு தற்காலிக இடம் குடுத்தா எட்டாக்கிடுவேன், தேடலை சரி பண்ணா ஒம்போது. ஏற்கனவே இந்த பெடல் வச்சிருக்கறவங்க பரணும் டிஐயும் வச்சு சமாளிச்சுக்கலாம். புதுசா ஏதாவது மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கப் போறவங்க டெமோ வீடியோல டோனைக் கேக்கறதோட நிறுத்தாம எடிட்டரை இறக்கிப் பாருங்க, சிலது பெடல் இல்லாமலே தெறக்கும், தேடல் பெட்டியும் லிஸ்ட்டும் எப்படி இருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைலை ஸ்லாட்டை தொடாம கேக்க முடியுமாங்கறது மட்டும் மேனுவல்ல தேடிப் படிச்சிடுங்க.

இப்போதைக்கு அந்த 600ல 380 கேட்டு முடிச்சாச்சு, 23 மிஞ்சியிருக்கு. 14பியை ரிகர்சல்ல ஃபோன்ல புடிச்ச ஒரு பதிவை வச்சு காதால கேட்டு கேட்டு திரும்ப செஞ்சேன், ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போச்சு, டிலே நேரம் மட்டும் எவ்ளோ பண்ணியும் பழையபடி வரல. அடுத்த ரிகர்சல்ல பேஸ் வாசிக்கற பையன் ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் திரும்பிப் பாத்து, "டேய், டோன் ஏதோ மாத்திருக்கியா, இப்ப தான்டா நீ வாசிக்கறது காதுல விழுது"ன்னான். ஆமாடா, ப்ளான் பண்ணி மாத்தினேன்னு சொல்லிட்டேன்.